ஜெபக் குறிப்பு

அவள் பெயரை எழுதப்போவதில்லை. பொன்னேரியிலிருந்து தேர்வாய் கண்டிகைக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு மாதம் ஏறி இறங்கியவர்களுக்குக்கூட யார் என்று தெரிந்துவிடும். மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. முதலில் 'அவர்' என்றுதான் எழுத ஆரம்பித்தேன். ஐந்து வருடம் 'வாங்கக்கா, போங்கக்கா' என்று பேசிய பழக்கம். இரண்டு வரிக்கு மேல் மனசு வரவில்லை. அடித்துவிட்டு 'அவள்' என்று போட்டேன். இன்னும் அவ்வளவு கோபம் இருக்கிறது.

வண்டிகளுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனி அது. ஒரு காருக்குள் எவ்வளவு ஒயர் ஓடுகிறது என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் வெட்டி, முனையில் பித்தளைக் கவ்வியை மெஷினில் வைத்து அழுத்தி, பெரிய பலகையில் இழுத்துப் பிடித்து, டேப் சுற்றிக் கட்டாக்குவது பெண்கள்தான். எங்கள் லைனில் நாற்பது பேர். பாதிப்பேர் பொன்னேரியைச் சுற்றி நெல் போடுகிற வீட்டுப் பெண்கள், மீதிப்பேர் பழவேற்காட்டுப் பக்கம் மீன் பிடிக்கிற வீட்டுப் பெண்கள். அவள் லைன் லீடர். பதவி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. எங்களுக்கு நீலக் கோட்டு, அவளுக்குப் பச்சைக் கோட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கம்பெனியில் நடக்காது என்று நாங்கள் கைவிட்ட எந்தக் காரியமும் அவள் வாய் திறந்தால் நடந்தது.

"நான் சொல்லி வெக்கிறேன்" என்பாள். இதுதான் அவள் பேச்சு, காலையிலிருந்து சாயங்காலம் வரை. குழந்தைக்குக் காய்ச்சல், நாளைக்கு லீவு வேண்டும் என்றால், "சூப்பர்வைசராண்ட நான் சொல்லி வெக்கிறேன்." கேன்டீன் சாம்பாரில் உப்பு தூக்கல் என்றால், "மாஸ்டராண்ட நான் சொல்லி வெக்கிறேன்." வீட்டுக்காரன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று ஒருத்தி அழுதபோதும் அதையேதான் சொன்னாள். அந்த ஆளை எங்கே பிடித்தாள், என்ன சொன்னாள் என்று தெரியாது. இரண்டு மாதம் அவன் ஒழுங்காக இருந்தான்.

பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அவள் இடம். காலையில் ஏறியதும் முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள். ஒரு நிமிஷம், சில நாள் இரண்டு நிமிஷம். டிரைவர் அண்ணன் கண்ணாடிக்கு மேல் அம்மன் படம் வைத்து, தினம் எலுமிச்சம்பழம் மாற்றுகிற ஆள். அவர் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். கண்ணைத் திறந்து, "ம், எடு நைனா" என்று அவள் சொன்ன பிறகுதான் வண்டி நகரும். கம்பெனி டிரான்ஸ்போர்ட்டுக்குப் புதிதாக வந்தவர் ஒருநாள் ஸ்டாப்பிங்கில் நின்று, "டைமாச்சு, இன்னும் இன்னாயா பண்ற?" என்று சத்தம் போட்டார். டிரைவர் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அக்கா இன்னும் கண்ண தொறக்கல சார்" என்றார். அவருக்கு அப்படி யாரும் உத்தரவு போட்டதில்லை.

பாத்ரூம் அட்டை விஷயத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் நியாயமில்லாமல் பேசுகிறேன் என்று ஆகிவிடும். லைனுக்கு ஒரு அட்டை, ஒரு ஆணியில் தொங்கும். அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். போனவள் திரும்பி வந்து மாட்டும் வரை இன்னொருத்தி போக முடியாது. நாற்பது பெண்களுக்கு ஒரு அட்டை. தூரமான நாட்களில் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஒருநாள் ஒரு பெண் நின்ற இடத்திலேயே கோட்டை நனைத்துக்கொண்டு அழுதாள். லைன் லீடர் அதைப் பார்த்தாள். ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றினாள், நேராக மேனேஜர் கேபினுக்குப் போனாள், மேஜைமேல் வைத்தாள். கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

"சார், இத உங்க கேபின் கதவுல மாட்டுங்க. நீங்களும் கழுத்துல போட்டுக்கினு போங்க. அப்பால நாங்களும் போட்டுக்கினு போறோம்."

மறுநாள் அட்டையும் இல்லை, ஆணியும் இல்லை. நாங்கள் அவளைச் சூழ்ந்துகொண்டோம். கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி அழுதேவிட்டாள். அவள் சிரித்துக்கொண்டே, "எனுக்கு எதுக்குமா தேங்க்ஸு? நான் காலைலயே மேல சொல்லி வெச்சிட்டேன். அவருக்கு சொல்லுங்க" என்றாள்.

இங்கேதான் எனக்கு முதல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்கு எனக்கும் கண் கலங்கியது. இப்போது யோசித்தால் புரிகிறது. நன்றி சொல்லப் போனவளை அப்படியே கையைப் பிடித்து அவள் ஆண்டவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவாள். அவளுக்கு என்று ஒரு வாய் நன்றியைக்கூட வைத்துக்கொள்ள மாட்டாள். கடன் தீர்ந்தது என்று நாம் திரும்பி வரவே முடியாது.

வெளியே அவளைப் பற்றி வேறு மாதிரி பேசுகிறவர்கள் உண்டு. மதம் மாற ஆசை காட்டினாள், மிரட்டினாள், ஷிஃப்டை மாற்றிவிடுவேன் என்றாள் என்று. அதெல்லாம் சுத்தப் பொய். எனக்கு அவள்மேல் இருக்கிற கோபத்துக்கு நானே பொய் சொல்லலாம், ஆனாலும் சொல்ல மாட்டேன். 'ஜெபத்துக்கு வா' என்று அவள் யாரையும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மிரட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் செய்ததெல்லாம் உதவி மட்டும். உதவி செய்கிறவளிடம் எந்த முகத்தோடு இல்லை என்பது?

அப்படித்தான் அந்த வாட்ஸ்அப் குரூப்பும். 'காலை வசனம்' என்று பெயர். முதலில் சபைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். அப்புறம் எங்கள் லைன் மொத்தம், பஸ் மொத்தம், டிரைவர் அண்ணன், கேன்டீன் மாஸ்டர், கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி, ஆபீசில் ஹெச்.ஆர். பெண், பேக்கிங் செக்‌ஷன், திருவள்ளூரிலிருந்து வருகிற பஸ்காரர்கள் என்று அது பெருகிக்கொண்டே போனது. யாரையும் அவள் கேட்டுச் சேர்க்கவில்லை. நம்பர் கிடைத்தால் சேர்த்துவிடுவாள். யாரும் வெளியேறவும் இல்லை. வெளியேறினால் இன்னார் வெளியேறினார் என்று எல்லாருக்கும் காட்டுமே. லீவு வாங்கிக் கொடுத்த அக்காவின் குரூப்பை விட்டு எப்படி வெளியேறுவது? தினம் காலை ஐந்தரைக்கு ஒரு வசனம் வரும். அதற்கு ஐம்பது அறுபது கும்பிடு விழும். அம்மன் படத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு டிரைவர் அண்ணனும் ஒரு கும்பிடு போடுவார். நானும் போட்டேன்.

ஆடி மாதம் எங்கள் வீட்டில் கூழ் ஊற்றுவார்கள். அம்மா எனக்கு ஒரு தூக்கு நிறையக் கொடுத்தனுப்புவாள், கூடவே வெங்காயம், மாங்காய், கருவாட்டுக் குழம்பு. லைனில் இருக்கிற எல்லாரும் குடிப்பார்கள். அவள் கோயில் கூழைக் குடிக்க மாட்டாள். முகம் சுளிக்கவும் மாட்டாள். டம்ளரை வாங்கி, ஆறட்டும் என்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்துவிடுவாள். இரண்டாவது வருடம் டம்ளர் வாங்கி வைக்கிறவர்கள் ஐந்தாறு பேர் ஆனார்கள். மூன்றாவது வருடம் நான் தூக்கை எடுத்துப் போகவில்லை. கம்பெனியில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். யாரும் என்னைக் கொண்டுவராதே என்று சொல்லவில்லை. அதை நினைத்தால் அவள்மேல் வருகிற கோபத்தில் பாதி எனக்கும் சேர்கிறது.

கும்மிடிப்பூண்டியில் அவள் சபைக்காரர்கள் கூடுகிற ஷெட்டுக்கும் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன். எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, நன்றாகப் பாடுவார்கள். வாரம் முழுக்க மெஷின் சத்தம் கேட்ட காதுக்கு அது சுகமாக இருந்தது. அங்கே கேட்ட ஒரு பாட்டு பாத்திரம் தேய்க்கும்போது இன்றைக்கும் தன்னால் வாயில் வந்துவிடுகிறது. பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

என் தங்கை நந்தினிக்கு எங்கள் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தது அவள்தான். "உன் தங்கச்சியா? நான் சொல்லி வெக்கிறேன்" என்றாள், அடுத்த வாரம் சேர்ந்துவிட்டாள். நந்தினிக்கு ஒன்பது வயதிலிருந்து வலிப்பு உண்டு. மாத்திரையைத் தவறாமல் போட்டால் வருடக்கணக்கில் வராது. அப்பா, அம்மா, நான், இவ்வளவு பேரைத் தவிர வெளியே யாருக்கும் தெரியாது. வேலைக்குச் சேரும்போது, ஏதாவது வியாதி உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தோம். தப்புதான். 'உண்டு' என்று எழுதினால் கேட்டைத் தாண்ட விட்டிருப்பார்களா என்று நீங்களே சொல்லுங்கள்.

சேர்ந்த நாலாவது மாதம், காலை ஷிஃப்ட் தொடங்கும்முன் கோட்டு மாற்றும் அறையில் நந்தினிக்கு வலிப்பு வந்துவிட்டது. கை கால் வெட்டி இழுத்தது. ஒருத்தி சாவிக்கொத்தைக் கையில் திணிக்க ஓடி வந்தாள். நான் நின்ற இடத்தில் விறைத்துப்போய் நின்றேன், சொந்த அக்கா. பச்சைக் கோட்டுக்காரிதான் பாய்ந்து போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"இரும்பு வோணாம், தள்ளு. யாரும் கைய கால புடிக்காதீங்க. காத்து வரட்டும், நவுந்துக்கோ."

ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். தன் துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கடியில் கொடுத்தாள். எல்லாம் அடங்கியதும் வாயைத் துடைத்தாள். நனைந்திருந்த பேன்ட்டைக் கழற்றி, தன் அலமாரியில் மாற்றுக்கு வைத்திருந்ததை எடுத்து அவளே போட்டுவிட்டாள். கூடி நின்றவர்களைப் பார்த்து, "பசி மயக்கம். நாஷ்டா துண்ணாம வந்துகீறா. போங்க, லைனுக்கு போங்க" என்றாள். பொய்யே பேசாதவள் என் தங்கைக்காகப் பேசிய பொய் அது. நான் சாகிறவரை அதை மறக்கக் கூடாது என்று அப்போது நினைத்தேன்.

கண் விழித்ததும் நந்தினி முதலில் கேட்டது, "அக்கா, யாராண்டயும் சொல்லிடாதீங்க."

"யாராண்டயும் சொல்ல மாட்டேன்மா. மேல மட்டும் சொல்லி வெக்கிறேன்."

மறுநாளே நந்தினியை மெஷினிலிருந்து எடுத்து டேப் சுற்றும் பலகைக்கு மாற்றினாள். அங்கே அழுத்துகிற மெஷின் இல்லை, கை மாட்டாது. ஏன் என்று கேட்ட சூப்பர்வைசரிடம், இந்தப் பெண்ணுக்கு விரல் சுத்தமாக ஓடுகிறது என்றாள். சாப்பாட்டு வேளையில் எதிரில் உட்கார்ந்து, "மாத்தர போட்டியா?" என்று வாயசைப்பாள். நந்தினி தலையசைப்பாள். சொந்த அம்மாகூட அப்படிக் கவனித்திருக்க மாட்டாள்.

அந்த வருடம் நந்தினிக்குக் கடம்பத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன். நிச்சயதார்த்தம் முடிந்து, ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்தாகிவிட்டது. பஸ் முழுக்க லட்டு கொடுத்தோம். மாப்பிள்ளையின் அண்ணி எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் வேலை செய்கிறவள், திருவள்ளூர் பஸ்ஸில் வருவாள். அவளும் 'காலை வசனம்' குரூப்பில் இருந்தாள். அது எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும், நந்தினி சரியாகத் தூங்கவில்லை. அப்பா மறைத்துக் கட்டிவிடலாம் என்றார். அம்மா சாமிமேல் பாரத்தைப் போட்டாள். நந்தினிதான் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"ஞாயித்துக்கெழம அவர கோயிலுக்கு வர சொல்லிகீறேன்க்கா. நானே சொல்லிட்றேன். கட்டிக்கிறதுன்னா கட்டிக்கட்டும், இல்லாட்டி போவட்டும். என் வாயால சொல்லிட்டேன்னு இருக்கும்."

வீட்டிலேயே வாய் திறக்காத பெண். அவள் இருபத்து மூன்று வயதில் தானாக எடுத்த முதல் முடிவு அது. எப்படித் தொடங்குவது, மாத்திரைச் சீட்டைக் காட்டுவதா வேண்டாமா என்று என்னிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் அதை லைன் லீடர் அக்காவிடமும் சொன்னாள். தைரியத்துக்குச் சொன்னாள். அவள் நந்தினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ தகிரியமா பேசு. நான் சொல்லி வெக்கிறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவர்களுக்கு உபவாச ஜெபம். காலையில் பஸ்ஸில் நானும் நந்தினியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். முன்னால் அவள் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். பஸ்ஸில் இருந்த போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுகிணுத்தன. வசனம் ஏற்கெனவே வந்தாயிற்றே, இது என்ன என்று திறந்து பார்த்தேன்.

'இன்றைய ஜெபக் குறிப்பு' என்று மேலே போட்டிருந்தது. 'நம் பொன்னேரி பஸ்ஸில் வரும் ஒரு அன்பு மகளுக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள். சிறு வயது முதல் வலிப்பு நோய். ஆவணியில் திருமணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னும் தெரியாது. ஞாயிறு அன்று மகளே அவரிடம் சொல்லப்போகிறாள். அவர் மனம் இளகும்படி கேளுங்கள். பெயர் வேண்டாம், ஆண்டவர் அறிவார்.'

ஆண்டவர் அறிவார். பஸ்ஸும் அறிந்தது. ஐம்பது பேர் இருக்கிற பஸ்ஸில் ஆவணியில் கல்யாணம் ஒருத்திக்குத்தான். அவள் கொடுத்த லட்டைத்தான் எல்லாரும் தின்றிருந்தார்கள். ஒருத்தியும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நந்தினி என் தோள்வழியே படித்தாள். படித்து முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் எழுந்து முன்னால் போனேன். அவள் கண்ணைத் திறக்கும் வரை காத்திருக்கவில்லை, தோளைப் பிடித்து உலுக்கினேன். டிரைவர் அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார். அந்தப் பஸ்ஸில் அவளை அப்படி யாரும் தொட்டதில்லை.

"அத அழிங்க."

"எதமா? பேரே போடலயே."

"ஆவணில கல்யாணம்னு போட்டுகீறீங்களே, இந்த பஸ்ல வேற யாருக்குக்கா கல்யாணம்?"

அவள் என்னைப் பார்த்தாள், பின்னால் நந்தினி இருந்த இடத்தைப் பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது அவளுக்கு. முகத்தில் இரத்தமே இல்லை. போன் நழுவிக் கீழே விழ, பொறுக்கி எடுத்து அழித்தாள். அதற்குள் முப்பது ஆமென் விழுந்திருந்தது.

"ஜெபத்துக்குத்தானம்மா போட்டேன். ஊர் பேசறதுக்கா போட்டேன்?" என்றாள்.

இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் துளி இல்லை. வம்பு பேசுகிறவளாக இருந்திருந்தால் தூ என்று துப்பிவிட்டு வந்திருப்பேன். உலகத்தில் இருக்கிற எல்லாக் காரியத்தையும் யாரிடமாவது சொல்லி வைத்துச் சொல்லி வைத்தே சாதித்தவள். சொல்லாமல் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வதும் ஒரு உதவி என்று அவளுக்குத் தெரியவில்லை. நந்தினி நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஆள் சேர்த்து, நந்தினி சொல்வதற்கு ஒன்றுமே இல்லாமல் ஆக்கிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் கடம்பத்தூரிலிருந்து போன் வந்தது. பேக்கிங்கில் இருந்த அண்ணி படித்திருந்தாள். அப்பாவிடம், "நோயாளிய மறைச்சி எங்க தலைல கட்டப் பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. மாப்பிள்ளை மட்டும் நந்தினியைத் தனியாக ஒருதரம் கூப்பிட்டான். அவள் போனை எனக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டாள்.

"நீ சொல்லியிருந்தா நான் எங்க ஊட்ல பேசியிருப்பேன். ஊரே படிச்சப்புறம் எனுக்கு தெரியுது. நான் இன்னான்னு பேசறது?"

மெய்யாகவே பேசியிருப்பானா, இல்லை தப்பித்துக்கொள்ளச் சொன்னானா? எங்களுக்கு இனிமேல் தெரியப்போவதில்லை. அதைத் தெரிந்துகொள்கிற ஒரே வழி அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது.

திங்கட்கிழமை நந்தினியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஹெச்.ஆர். பெண்ணும் அந்தக் குரூப்பில்தானே இருந்தாள், அவளும் ஆமென் போட்டிருந்தாள். "உன் பாதுகாப்புக்குத்தான்மா" என்று சொல்லி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பச்சைக் கோட்டுக்காரி ஓடினாள். "நான் சொல்லி வெக்கிறேன், நான் சொல்லி வெக்கிறேன்" என்று சூப்பர்வைசர், ஹெச்.ஆர்., மேனேஜர் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். பாத்ரூம் அட்டைக்குப் பேசியதைவிட அதிகமாகவே பேசினாள். நடக்கவில்லை. அவள் சொல்லி வைத்து நடக்காமல் போனதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

என் பக்கத்துப் பலகையில் ஸ்டெல்லா என்று ஒருத்தி, பழவேற்காட்டுப் பக்கம். பிறந்ததிலிருந்து கிறிஸ்தவப் பெண். அவள்தான் என்னைவிடக் கொதித்தாள். "எங்க ஊட்ல ஜெபம் பண்றதுன்னா கதவ சாத்திக்கினுதான் பண்ணுவோம். இவங்க மைக்கு வெச்சிகீறாங்க" என்றாள். எனக்கும் இயேசுமேல் ஒரு வருத்தமும் இல்லை. அவரிடம் யாரோ சொன்னதை அவர் யாருக்கும் ஃபார்வேர்டு செய்ததாகத் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் பச்சைக் கோட்டுக்காரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூட சபைப் பெண் ஒருத்தி. ஒரு பையில் ஆப்பிள், ஒரு கையில் பைபிள். அம்மா பாயை விரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நந்தினி எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வந்தவள் உட்கார்ந்த மாத்திரத்தில் அழ ஆரம்பித்தாள். நடிப்பில்லை, மூக்கெல்லாம் ஒழுகியது. அப்படியே கண்ணை மூடி, கையை ஏந்தி, "ஆண்டவரே, பாவியாகிய என்னை மன்னியும். உம்முடைய பிள்ளைக்கு நான் துரோகம் பண்ணிட்டேன், என்னை மன்னியும்" என்று ஜெபிக்கத் தொடங்கினாள்.

நந்தினி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்.

"அக்கா, அவராண்ட அப்பால கேட்டுக்கலாம். நான் இங்கதான குந்திகீறேன்."

கூட வந்த பெண் பழக்கதோஷத்தில் ஆமென் என்றாள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் கண்ணைத் திறந்தாள். நந்தினியைப் பார்த்தாள். உதடு அசைந்தது. மேனேஜர் மேஜைமேல் அட்டையை வைத்துப் பேசிய வாய், கண்ணுக்கு எதிரில் இருக்கிற ஒரு பெண்ணிடம் 'என்னை மன்னிச்சிடுமா' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் காத்திருந்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்கே மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் நான்கூட மன்னித்திருப்பேன். அவள் பைபிளை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஆப்பிள் பையை அம்மா மாட்டுக்குப் போட்டாள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் கும்மிடிப்பூண்டியில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள், அங்கேயும் லீடர்தான் என்றார்கள். அங்கேயும் யாருக்காவது லீவு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பாள், யாராவது கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருப்பார்கள். ஐந்தரைக்கு வசனம் மட்டும் இன்றைக்கும் வருகிறது. நானும் குரூப்பை விட்டு வெளியேறவில்லை. அவளிடமிருந்து ஒரு வரி வரும், அது வசனமாக இருக்காது என்று காத்திருக்கிறேனோ என்னவோ. சில நாள் ஜெபக் குறிப்பும் வருகிறது. பெயர் இருக்காது. ஊர் இருக்கும், வியாதி இருக்கும்.

நந்தினி பொன்னேரி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். சேர்ந்த அன்றைக்கே ஓனரிடம் போய், "எனுக்கு வலிப்பு உண்டு, மாத்தர போட்டுக்கினுகீறேன். வந்தா ஒருக்களிச்சி படுக்க வையிங்க, சாவி குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்பதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

இதை எழுதி முடித்து நந்தினியிடம்தான் முதலில் கொடுத்தேன். அவள் கதை இது, அவளைக் கேட்காமல் வெளியே விடக் கூடாது என்கிற அளவுக்குப் புத்தி வந்திருக்கிறது. கடையில் கூட்டம் இல்லாத வேளை, நின்றபடியே படித்தாள். தன் பெயர் வருகிற இடத்தில் நிறுத்தி, "என் பேரு இருக்கட்டும், எனுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். கடைசித் தாள் வரை போய்விட்டு மறுபடி முதல் தாளைப் புரட்டினாள்.

"அவங்க பேரு போடல நீ."

"போடல."

"பச்ச கோட்டு, பொன்னேரி பஸ்ஸு, அஞ்சரைக்கு வசனம். யாருக்குக்கா தெரியாது?"

அவள் தாள்களை அடுக்கி, மேஜையில் தட்டி ஒழுங்காக்கி, என் கையில் கொடுத்தாள்.

"அவங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல."

"அவங்களும் என்னிய கேக்கல" என்றாள் நந்தினி. வாசலில் ஆதார் கார்டோடு ஒருவர் வந்து நின்றார். எத்தனை காப்பி என்று அவரைக் கேட்டுக்கொண்டே மெஷின் பக்கம் திரும்பிவிட்டாள்.